நேரில் தோன்றியவர்

மடவாஸ்கா, மெய்ன்
1991 ஏப்ரல் 9, செவ்வாய், மாலை 6.40

அன்புள்ள ஒடில் அக்காவுக்கு,

மேசையில் ஆறு தாள்கள் இருக்கின்றன. நான்கு எனக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று உனக்கு. உன்னுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் பனி இன்னும் உடையவில்லை. அங்கே நீயும் சுகம் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கிளோடெட் அண்ணி மறுமணம் செய்துகொள்ளப் போகிறார். மாப்பிள்ளை நார்மண்ட் தேரியோ. காகித ஆலையில் என்னோடு ஒரே ஷிஃப்ட். நல்ல மனிதன், சீட்டாட்டத்தில் மட்டும் ஏமாற்றுவான். தேதி அக்டோபர் 12, அறுவடை முடிந்த சனிக்கிழமை. தடை ஒன்றுதான். அல்சீட் அண்ணன் செத்துப்போனான் என்று எந்தத் தாளிலும் இல்லை.

பாதிரியாரிடம் போனோம். "உடம்பு கிடைக்கலையே மகளே, பிஷப்புக்கு எழுதணும், ரெண்டு வருஷமாவது ஆகும்" என்றார். "எனக்கு முப்பத்தாறு ஆச்சு ஃபாதர், பிஷப்புக்கு என்ன அவசரம்" என்றார் அண்ணி. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

கவுண்டி நீதிமன்றத்தில் சுலபம். ஐந்து வருடம் ஆளைக் காணாவிட்டால் இறந்தவராக அறிவிப்பார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நீதிபதி கொடுத்த வாசகம் இது: "1984 மே 6 அன்று ஆற்றில் படகோடு காணாமல் போன அல்சீட் மிஷோவை அதன்பின் நான் பார்க்கவில்லை. அவரிடமிருந்து கடிதமோ பேச்சோ எந்தச் செய்தியோ எனக்கு வரவில்லை." கீழே நோட்டரி ஒருவர், "மேற்படி நபர் என் முன் நேரில் தோன்றி, சத்தியம் செய்து கையெழுத்திட்டார்" என்று எழுதி முத்திரை போடுவார். அவ்வளவுதான். நீ இருக்கும் ஹார்ட்ஃபர்ட் இன்ஷூரன்ஸ் ஊர். ஒரு கட்டடத்தில் கல்லெறிந்தால் நாலு நோட்டரி மேல் விழும். பத்து நிமிட வேலை.

மற்ற நான்கு தாள்களில் ஒன்று என் பத்திரம், மூன்று நான் நோட்டரி ஆவதற்கான விண்ணப்பம். மெய்ன் மாநிலத்தில் நோட்டரி கல்யாணம் செய்துவைக்கலாம். பாதிரியார் வேண்டாம், பிஷப் வேண்டாம். அந்த இருவரையும் நானே சேர்த்துவைக்கப் போகிறேன்.

அம்மா தன் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் மணி அடிக்கும், எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். லைன் கோளாறு. அம்மா அந்த ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வாரம் முழுக்க நடந்ததையெல்லாம் சொல்கிறாள். "வாரம் தவறாம கூப்பிடுறான்டா. செத்துட்டான்னு நான் எப்படி எழுதிக் குடுக்கிறது?" என்கிறாள். போன் கம்பெனிக்கு இரண்டு முறை புகார் கொடுத்துவிட்டேன்.

உடனே அனுப்பு.

தம்பி,
ரெமி

•

ஹார்ட்ஃபர்ட், கனெக்டிகட்
1991 மே 2

என் அன்புத் தம்பி ரெமிக்கு,

கடவுள் கிருபையில் நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே மரங்கள் துளிர்த்துவிட்டன. அங்கே இன்னும் பூட்ஸ்தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உன் கடிதம் கிடைத்தது. வங்கியில் ஒரு நோட்டரி உண்டு. அவர் விடுப்பில் இருக்கிறார். திரும்பி வந்ததும் பார்க்கிறேன்.

கிளோடெட்டைப் பற்றி நீ அதிகம் எழுதவில்லை. தேதியை மட்டும் எழுதியிருக்கிறாய். அவள் இப்போது சிரிக்கிறாளா? முன்பெல்லாம் பாத்திரம் கழுவும்போது பாடுவாள், இப்போதும் பாடுகிறாளா? நார்மண்ட் அவளிடம் எப்படிப் பேசுகிறான்? அவள் குழந்தை லூக்கின் கல்லறைக்கு யார் போகிறார்கள்? வாசல் விளக்கை அம்மா இன்னும் இரவு முழுக்க எரியவிடுகிறாளா?

அம்மாவை நிலவறைப் படியில் இறங்கவிடாதே. அந்த முழங்காலோடு வேண்டாம்.

நீ நோட்டரி ஆவது சந்தோஷம். நம் குடும்பத்தில் ஒருவர் பெயர் முத்திரையில் வரப்போகிறது.

முத்தங்களுடன்,
ஒடில்

•

மடவாஸ்கா
1991 மே 18

அக்காவுக்கு,

சுகம். சுகமா?

ஒரு நோட்டரி விடுப்பில் போனதால் ஹார்ட்ஃபர்டே மூடிக் கிடக்கிறதா? மடவாஸ்காவில் உருளைக்கிழங்கு கிடைக்கவில்லை என்று நான் எழுதினால் நீ நம்புவாயா? மருந்துக்கடை, வீட்டுத் தரகர், கார் விற்கிறவன், எங்கே வேண்டுமானாலும் கேள். அடையாள அட்டையை எடுத்துப் போ. முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடாதே, அவர் பார்க்கத்தான் போட வேண்டும். நீ பஸ் ஏறி இங்கே வந்தாலும் நான் உதவ முடியாது. கூடப்பிறந்தவர்களுக்கு நோட்டரி முத்திரை போடக்கூடாது என்பது சட்டம்.

ஆமாம், நான் இப்போது நோட்டரி. நியமனத் தாள் தலைநகரிலிருந்து வந்தது. ஆனால் தாள் வந்தால் போதாது. முப்பது நாளுக்குள் ஒரு டெடிமஸ் நீதிபதி முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஆளுநர் நியமிக்கிற ஆள்தான், ஆனால் வழக்கு விசாரிக்க முடியாது, தண்டிக்க முடியாது, நாய்க்கு லைசென்ஸ்கூடத் தர முடியாது. உறுதிமொழி வாங்குவது மட்டும்தான் வேலை. நம் பக்கத்தில் அது யார் தெரியுமா? தலைமுடி அலங்காரக் கடை பெர்த் காக்னோன். மிஸஸ் ஊலெட்டின் தலையில் சுருள் கம்பிகளை மாட்டிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு, "வலது கையைத் தூக்கு. அது இல்ல, அது இடது. இன்ஜினியரிங் படிச்சானாம்" என்றாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். உறுதிமொழியைச் சொல்ல ஆரம்பித்ததும் யாரும் சிரிக்கவில்லை. முடி உலர்த்தும் இயந்திரத்தைக்கூட அணைத்துவிட்டார்கள்.

முத்திரை தபாலில் வந்தது. மை கிடையாது. தாளை நடுவில் வைத்து அழுத்தினால் பெயர் புடைத்து எழும்பும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் படிக்கலாம்.

நிலவறையில் கிணற்று பம்ப் இறுகிவிட்டது. அடுத்த மாதம் ஆலை மூடும் வாரத்தில் கழற்றப் போகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை என்று உனக்கு யார் சொன்னது? நான் எழுதவில்லை. அம்மா யாருக்கும் எழுதுவதில்லை.

பத்திரம். உடனே.

ரெமி

•

ஹார்ட்ஃபர்ட்
1991 ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. அம்மாவுக்கு என் முத்தங்கள்.

போனேன், ரெமி. நம்ப மாட்டாய், போனேன். நான் வேலை செய்யும் அலுவலகத்திலேயே மூன்றாம் மாடியில் ஒரு பெண். சின்னப் பெண், நகத்தில் சிவப்புச் சாயம். பத்திரத்தை வாங்கி உரக்கப் படித்தாள். "இதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றீங்களா? வலது கையைத் தூக்குங்க" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான் இருக்கும். தண்ணீர் கொடுத்தாள். நான் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அவளுக்கு இப்போது இடமாற்றம் ஆகிவிட்டது. வேறு யாரையாவது தேட வேண்டும்.

நீ கையைத் தூக்கியபோது உனக்கு எப்படி இருந்தது? பயமாக இல்லையா?

பம்ப் விஷயத்தில் அவசரப்படாதே. முன்பக்கத்துப் பெரிய நட்டு இடது மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நீ பலம் போட்டு இடப்பக்கம் திருகினால் தண்டு முறிந்துவிடும். உனக்குப் பொறுமை கிடையாது.

கிளோடெட் பாடுகிறாளா என்று கேட்டேனே, பதில் எழுதவில்லையே.

ஒடில்

•

மடவாஸ்கா
1991 ஜூன் 22, சனி

அக்கா,

சுகம் விசாரிக்க இப்போது மனமில்லை. ஒன்றைக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்.

நட்டு கழன்றது. வலப்பக்கம் திருப்பினேன், வெண்ணெய்போல வந்தது. கையில் அதை வைத்துக்கொண்டு நிலவறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா மேலிருந்து, "என்னடா, உடைச்சிட்டியா?" என்று கேட்டாள்.

நீ ஹார்ட்ஃபர்டுக்குப் போனது 1979. அந்த பம்ப்புக்குப் பழைய பால் கறக்கும் இயந்திரத்தின் மோட்டாரை மாட்டியது 1982 குளிர்காலம். அது எதிர்ப்பக்கம் சுற்றும். சாதாரண மரை போட்டால் தானே கழன்றுவிடும் என்று அண்ணன்தான் இடது மரை வெட்டினான். விளக்குப் பிடித்தது நான். எனக்குப் பதினைந்து வயது. வேறு யாரும் அங்கே இல்லை. அம்மாவுக்கு மரை என்றால் என்னவென்றே தெரியாது.

ஆக, உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அது தெரியும். ஒருவன் நான். இன்னொருவன், எவன் செத்தான் என்று உன்னைச் சத்தியம் செய்யச் சொல்கிறேனோ அவன்.

நான் ஆவியை நம்புகிறவன் இல்லை. ஆலையில் மானிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. முள் அசைந்தால் உள்ளே ஏதோ அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று இரவாகத் தூக்கம் இல்லை. வாசல் விளக்கைச் சுற்றிப் பூச்சி மோதுகிற சத்தம்கூடக் காலடியாகக் கேட்கிறது.

யார் உனக்குச் சொன்னது?

ரெமி

•

மடவாஸ்கா
1991 ஜூலை 29

அக்காவுக்கு,

ஐந்து வாரம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நலம் என்று நம்புகிறேன். அம்மா நலம்.

நேற்று ஞாயிறு. அம்மா போனிடம் பேசுவதைச் சமையலறைக் கதவருகே நின்று கேட்டேன். இத்தனை நாள் கேட்டதில்லை, எரிச்சலாக இருக்கும். "உருளைக்கிழங்கு பூத்துடுச்சுப்பா. வெள்ளையும் ஊதாவுமா நிக்குது. ரெமி பம்ப்பை சரி பண்ணிட்டான், வீட்டை ஒண்ணும் இடிக்கல. கிளோடெட் வந்தா, ப்ளோய் அப்பம் சுட்டுக் குடுத்தேன், மூணு தின்னா. நல்லாத்தான் இருக்கா. நீ சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு ஏதோ பதில் வந்ததுபோல, "சரி, சரி" என்றாள்.

நான் ரிசீவரைப் பிடுங்கினேன். "யாரு?" என்றேன். மூச்சுச் சத்தம். மனித மூச்சு. அதற்குப் பின்னால் ரயில். நீளமாக ஒரு முறை, குட்டையாக இரண்டு முறை ஊதியது. பாலத்துக்கு முன்னால் அப்படித்தான் ஊதும். உன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போகிற ரயிலைப் பற்றி நீ அங்கே போன புதிதில் எழுதியிருந்தாய், இப்படி ஊதித் தூங்க விடுவதில்லை என்று.

மறுமுனை வைத்துவிட்டது. அம்மா என்னை அடித்தாள். இருபத்து நாலு வயதில் அம்மாவிடம் அறை வாங்கினேன். "அவன் பயந்துட்டான் பாரு" என்று சொல்லி அழுதாள்.

இன்று அண்ணி வந்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தவர். பேனாவைப் பிடித்துக்கொண்டு வாசகத்தை இரண்டு முறை படித்தார்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு ரெமி" என்றார்.

"என்ன?"

"நான்தான் கொன்னேன்னு இதுல இல்லையே."

லூக்கைப் புதைத்த அன்று நடந்ததைச் சொன்னார். அறுவடை வண்டியைப் பின்னால் எடுத்தது அண்ணன், பிள்ளை பின்னால் நின்றதைப் பார்க்கவில்லை. இது ஊருக்கே தெரியும். ஆனால் கல்லறையிலிருந்து திரும்பியதும், சமையலறையில், அண்ணி அவனிடம் சொன்னது யாருக்கும் தெரியாது. "இனிமே என் முன்னால வந்து நிக்காதே." அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் மரம் வெட்டும் முகாமில் இருந்தான், வீட்டுக்கு வரவில்லை. ஆற்றுப் பனி உடைந்ததும் படகை எடுத்துக்கொண்டு போனான்.

"அவரு சொன்ன சொல்லை அப்படியே கேக்குற ஆளு. உனக்குத் தெரியாதா? உப்பு கம்மியா போடச் சொன்னா போடவே மாட்டாரு" என்றார். சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. "ஒவ்வொரு மே மாசமும் ஆத்தங்கரையில போய் நின்னு மன்னிப்பு கேக்குறேன். ஆறு கேட்டுக்குது, பதில் சொல்ல மாட்டேங்குது. நார்மண்ட் பாவம். அவனைக் கட்டிக்கிட்டாலும் நான் அந்த ஆத்தைத்தான் கட்டிக்கிட்டு இருப்பேன்."

கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். அவர் இப்போது பாடுவதில்லை. நீ கேட்டாயே, இதுதான் பதில். யார் கேட்கச் சொன்னார்களோ அவருக்கும் சொல்லிவிடு.

ரெமி

•

ஹார்ட்ஃபர்ட்
1991 ஆகஸ்ட் 10

தம்பி,

நலம்.

கேட்காதே. நீ கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த வாக்கு ஒன்று இல்லாவிட்டாலும், வாக்கு வாக்குதான். ஹார்ட்ஃபர்டில் நோட்டரியே இல்லை என்று வைத்துக்கொள். எனக்கு முன்னால் எந்த நோட்டரியும் தென்படவில்லை என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை இங்கே படித்துக் காட்டினேன். யாருக்கு என்று கேட்காதே. நான் எனக்கே உரக்கப் படிக்கிற வழக்கம் உண்டு. ஆற்றங்கரைப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு இரவு முழுக்க அடுத்த அறையில் நடக்கிற சத்தம். பழைய வீடு, பலகை அப்படித்தான் சத்தம் போடும்.

நீ இப்போது நோட்டரி. அதனால் சும்மா ஒரு சந்தேகம். செத்தவன் என்று ஊர் நினைக்கிற ஒருவன் ஒரு நோட்டரி முன்னால் போய் நின்றால் என்ன ஆகும்? என்னவெல்லாம் கேட்பார்கள்? இத்தனை நாள் எங்கே இருந்தாய், ஏன் போனாய், பிள்ளையை ஏன் பார்க்கவில்லை, இதையெல்லாம் கேட்பார்களா? போலீஸ் வருமா? அவன் பெயரை அவனே சொல்ல வேண்டுமா?

சும்மாதான் கேட்டேன்.

ஒடில்

•

மடவாஸ்கா
1991 ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் வீட்டுப் பலகைகளும் சுகமாக இருக்கட்டும்.

சும்மா கேட்டதற்குச் சும்மா பதில். நோட்டரி மூன்றே விஷயம்தான் பார்ப்பான். ஆள் எதிரே நிற்கிறானா? அவன்தான் அவனா? யாரும் வற்புறுத்தாமல் கையெழுத்துப் போடுகிறானா? நாலாவது கேள்வி கிடையாது. எங்கே இருந்தாய் என்று கேட்க அதிகாரம் இல்லை, ஏன் என்று கேட்க அதிகாரம் இல்லை. மன்னிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. உன்னை இன்று இந்த இடத்தில் பார்த்தேன் என்று மட்டும் சொல்வான். போலீஸ் வராது. ஒரு ஆள் வீட்டை விட்டுப் போவது குற்றம் இல்லை. பெயரை மட்டும் அவனே சொல்ல வேண்டும்.

அடையாள அட்டை இல்லாவிட்டால், அந்த நோட்டரிக்குத் தெரிந்த ஒருவர் கூடப் போய் இவர் இன்னார்தான் என்று சத்தியம் செய்யலாமாம், உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார்கள். அந்தச் சத்தியத்துக்குக் கையைத் தூக்கினால் உனக்குத் தலை சுற்றாது.

பழைய பத்திரத்தைக் கிழித்துப் போடு. என்னுடையதையும் அம்மாவுடையதையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அம்மாவை நான் பைத்தியம் என்று நினைத்தேன். இந்த வீட்டில் பொய்ச் சத்தியம் செய்ய மறுத்த ஒரே ஆள் அவள்தான்.

இத்துடன் வேறொரு தாள் இருக்கிறது. கிளோடெட் மிஷோ கேட்கிற விவாகரத்து எனக்குத் தெரியும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒருவர் ஒப்புக்கொள்ளும் தாள். வக்கீல் எழுதிக் கொடுத்தார். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? நட்டைக் காட்டி, இதோ உங்கள் கணவர் என்றா? கையெழுத்து வந்தால்தான் சொல்வேன். "என் முன் நேரில் தோன்றிய" என்பதற்கு அடுத்து பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஒப்புதல் வந்தபிறகு நீதிமன்றத்தில் இரண்டு மாதம் ஆகும். அக்டோபர் 12 நடக்காது. நவம்பர் 30 முடியும். செப்டம்பர் முடிவதற்குள் தாள் எனக்கு வேண்டும்.

ரெமி

•

ஹார்ட்ஃபர்ட்
1991 செப்டம்பர் 15

என் அன்புத் தம்பிக்கு,

நான் நலம். இந்த ஒரு தடவை அந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். நலம்தான் என்று நினைக்கிறேன்.

நோட்டரி கிடைத்துவிட்டார். தெருமுனை மருந்துக்கடைக்காரர். பன்னிரண்டு வருடமாக அவரிடம்தான் மருந்து வாங்குகிறேன்.

புதன்கிழமை மதியம் போனோம். அவன் சவரம் செய்து, காலமான என் கணவரின் பழைய கோட்டைப் போட்டிருந்தான். தோள் இறுக்கம். வாசலில் இரண்டு முறை திரும்பிவிட்டான். "வேண்டாம் ஒடில், அவ வந்து நிக்காதேன்னு சொன்னா" என்றான். "அவ முன்னால இல்லடா, மருந்துக்கடைக்காரர் முன்னாலதான்" என்றேன். அது அவனுக்குச் சரியாகப் பட்டது. உனக்குத் தெரியுமே, சொன்ன சொல்லை அளந்து பார்க்கிறவன்.

நான் கையைத் தூக்கினேன். தலை சுற்றவில்லை.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலி இடத்தில் பெயரை எழுதி, நிதானமாகப் படித்தார். "அல்சீட் மிஷோ என்பவர் என் முன் நேரில் தோன்றி." அப்போது அவன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான், ரெமி. யார் வந்தது என்று பார்ப்பதுபோல. அங்கே இருமல் மருந்து அலமாரிதான் இருந்தது.

கையெழுத்துப் போட்டான். முத்திரை விழுந்ததும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "நல்லா ஏறியிருக்கு" என்றான். மருந்துக்கடைக்காரர், "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். "இன்னொரு தடவை படிக்க முடியுமா?" என்றான். அவர் படித்தார்.

ஏழு வருடம் என் பின்னறையில் இருந்தான். இரவில் பேக்கரி வேலை, பகலில் தூக்கம். பேசுவது குறைவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வான். நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அம்மாவின் குரல் அங்கேயும் கேட்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வந்த அன்றே என்னிடம் வாக்கு வாங்கினான். நீ எப்படி வேண்டுமானாலும் என்னை நினைத்துக்கொள்.

வியாழன் காலை எழுந்தபோது அறை காலி. படுக்கையை மடித்து வைத்திருந்தான். சாவி மேசை மேல். கோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கதவு ஒரு வாரமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, அதற்கு எண்ணெய் போட்டிருக்கிறான்.

எங்கே என்று தெரியாது. இதை எழுதும்போது ரயில் போகிறது.

ஒடில்

•

மடவாஸ்கா
1991 செப்டம்பர் 22, ஞாயிறு, இரவு 8.15

அன்புள்ள ஒடில் அக்காவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இந்த வரியை நம் குடும்பத்தில் இப்போதுதான் உண்மையாக எழுத முடிகிறது.

உன்னைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதினால் மரியாதையாக இருக்காது.

உன் கவர் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று அண்ணியின் வீட்டுக்குப் போனேன். நார்மண்டும் இருந்தான். தாளை மேசையில் வைத்தேன். அண்ணி படித்தார். ஆட்சேபணை இல்லை என்பதையெல்லாம் தாண்டிக் கீழே போய் நின்றார். தேதி. பெயர். கட்டைவிரலை முத்திரை மேல் வைத்து முன்னும் பின்னும் ஓட்டினார். குருடர் படிப்பதுபோல.

"போன வாரப் புதன்கிழமை" என்றார். "போன வாரப் புதன்கிழமை நான் பீட்ரூட் ஊறுகாய் போட்டுக்கிட்டு இருந்தேன்."

பின்னறை, பேக்கரி, நீ எழுதியதையெல்லாம் சொன்னேன். பிறகு வந்தது கோபம். சட்டியை எடுத்துச் சுவரில் எறிந்தார். "ஏழு வருஷம்! ஆத்துக்கு முன்னால முட்டி போட்டு உக்காந்திருந்தேனே, பாவி, ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்திருக்காரு!" நார்மண்ட் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். "விடு, அது ஏற்கெனவே விரிஞ்ச சட்டிதான்" என்றான். அவர் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அழுதுகொண்டே. எனக்கு நார்மண்டைப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் நிச்சயமானது.

நான் கிளம்பி வண்டியில் ஏறியபோது அண்ணி வெளியே வந்து ஜன்னலைத் தட்டினார். மேல்கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை, குளிர்.

"ரெமி, அவருகிட்ட யாராவது சொல்லணும்."

"என்னன்னு?"

"வந்து நிக்காதேன்னு நான் சொன்னது அன்னிக்கு. அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்."

அக்கா, அந்தச் சொல்லுக்கு அளவு போட மறந்ததில் ஏழு வருடம் போய்விட்டது. நான் ஆலையில் அளவு இல்லாத எந்த மானியையும் ஏற்றுக்கொள்வதில்லை.

இன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். போன ஞாயிறுபோலவே இன்றும் மணி அடிக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சரியமே படவில்லை. "உனக்குத்தான்டா அவன் செத்தது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "புது ஊருல போன் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு இருப்பான்" என்றாள். இப்போது நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். ரிசீவர் மடியில் இல்லை, அதன் இடத்தில்தான் இருக்கிறது. யாரையும் அதை எடுக்கவிடவில்லை, அழைப்பு வர லைன் காலியாக இருக்க வேண்டுமாம்.

இனி செய்யப்போவது:

1. நாளை காலை ஷிஃப்டுக்கு முன் தாளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வேன்.

2. போன் கம்பெனிக்குக் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவேன். லைனில் கோளாறு இல்லை.

3. வாசல் விளக்கின் பல்பு மங்கிவிட்டது, பெரிதாக ஒன்று மாட்டுவேன்.

4. நவம்பர் 30 அன்று அண்ணிக்கும் நார்மண்டுக்கும் இந்தச் சமையலறையில் கல்யாணம் செய்துவைப்பேன். கதவைத் தாழிட மாட்டேன்.

5. ஒவ்வொரு ஞாயிறும் மணி அடித்தால் நான்தான் எடுப்பேன். யார் என்று கேட்க மாட்டேன். பெயரைச் சொல்லச் சொல்ல மாட்டேன். "அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

தம்பி,
ரெமி